காலண்டரைக் கிழித்துப் போடாதீர்கள்

"கடைசியா எப்பம்மா பீரியட்ஸ் வந்தது?"

"தைப்பூசத்துக்கு முந்தி வந்தது டாக்டர்... இல்லல்ல, அது அதுக்கு முந்தின தடவை. மாசி மகம் சமயத்துல கொஞ்சமா பட்டுச்சு, அதைக் கணக்குல சேர்க்கலாமா?"

மாதவிடாய் நிற்கும் வயதை நெருங்கி, நாற்பத்தைந்து தாண்டிய ஒருவர் மகளிர் மருத்துவர் முன் உட்கார்ந்தால் பேச்சு இப்படித்தான் தொடங்குகிறது. அரசு மருத்துவமனை ஓ.பி. ஆனாலும் சரி, அண்ணா நகர் கிளினிக் ஆனாலும் சரி, கிடைப்பது ஐந்து நிமிடம், மிஞ்சினால் பத்து. அதில் பாதி தேதியைத் தேடுவதில் கரைந்துவிடும். மீதிப் பாதியில் "ஒரே அசதி, தூக்கமே இல்ல, உடம்பெல்லாம் வலி" என்று சொன்னால் ஒரு பி காம்ப்ளெக்ஸ், ஒரு கால்சியம், கூடவே "இந்த வயசுல இதெல்லாம் இருக்கும்மா" என்ற ஆறுதலோடு வெளியே வர வேண்டியதுதான். டாக்டரை மட்டும் குறை சொல்லவும் முடியாது. அசதி தைராய்டிலும் வரும், ரத்தசோகையிலும் வரும், சர்க்கரையிலும் வரும், ராத்திரி பதினோரு மணிக்குப் பாத்திரம் கழுவி முடிக்கிற எல்லா வீட்டிலும் வரும். எது எதனால் என்று பிரித்துக் காட்ட ஒரு தாள் வேண்டும்.

அந்தத் தாள் சமையலறைச் சுவரில் ஏற்கெனவே தொங்குகிறது. மளிகைக் கடையிலோ நகைக் கடையிலோ கொடுத்த மாதக் காலண்டர். பால் வராத நாள், சிலிண்டர் வந்த தேதி எல்லாம் அதில்தான் எழுதுகிறோம். மாதம் முடிந்ததும் கிழித்து, சப்பாத்தி மாவு தேய்க்க அடியில் விரித்துவிடுகிறோம். மூன்று மாதம் மட்டும் கிழிக்காமல் வைத்துக்கொள்ளுங்கள்.

எழுத வேண்டியது குறைவுதான். அதிகம் எழுத ஆரம்பித்தால் இரண்டாவது வாரத்தில் கைவிட்டுவிடுவோம். உதிரப்போக்கு உள்ள நாளைச் சுற்றி வட்டம். அதற்குள் அன்று மாற்றிய நாப்கின் எண்ணிக்கை. லேசாகப் பட்டால் ஒரு புள்ளி. குப்பென்று சூடு ஏறிய ஒவ்வொரு முறைக்கும் ஒரு சிறு கோடு. வேர்த்து விழித்த இரவுக்கு 'இ'. சிறுநீர் எரிச்சலோ அந்தரங்க உறுப்பில் வறட்சியோ இருந்தால் 'எ'. அவ்வளவு போதும். "நிறைய போகுது" என்ற சொல்லுக்கு மருத்துவத்தில் எடை இல்லை. ஒன்றிரண்டு மணி நேரத்தில் ஒரு நாப்கின் நனைந்துவிடுகிறது, பத்து ரூபாய் நாணயத்தைவிடப் பெரிய கட்டியாக விழுகிறது, ஏழு நாளைத் தாண்டுகிறது, 21 நாளுக்குள் மறுபடி வருகிறது: இந்த நான்கில் ஒன்றைச் சொன்னால் டாக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு நிமிர்ந்து பார்ப்பார்.

மெனோபாஸ் என்ற சொல்லையும் நாம் தளர்வாகப் பயன்படுத்துகிறோம். ஒரு சொட்டுகூடப் படாமல் தொடர்ந்து 12 மாதம் போனால்தான் அது மெனோபாஸ். அதற்கு முந்தைய, தேதி தப்பும் சில ஆண்டுகள் பெரிமெனோபாஸ். தொந்தரவு உச்சத்தில் இருப்பது பெரும்பாலும் இந்தக் கட்டத்தில்தான். மேலை நாட்டுக் கட்டுரைகளில் 51 வயது என்று படித்துவிட்டு "எனக்கு 46தானே, இது அதுவாக இருக்காது" என்று பலர் தள்ளிப்போடுகிறார்கள். இந்தியப் பெண்களுக்குச் சராசரி 46, 47தான். 45க்கு முன் நின்றால் அது சீக்கிரம். 40க்கு முன் என்றால் அது தனிப் பிரச்சினை, எலும்புக்கும் இதயத்துக்கும் சேர்த்து சிகிச்சை வேண்டும். "தொல்லை விட்டது" என்று நிம்மதியாக விட்டுவிடக் கூடாது.

சென்னைக்கே உரிய குழப்பம் ஒன்று உண்டு. கத்திரி வெயிலில் யாருக்குத்தான் வேர்க்காது? வெயில் வியர்வையையும், 'ஹாட் ஃப்ளாஷ்' என்கிற இந்த மெனோபாஸ் சூட்டையும் பிரிப்பது சுலபம். ஹாட் ஃப்ளாஷ் மார்பில் தொடங்கிக் கழுத்து, முகம், தலை என்று மேலே ஏறும். ஒன்று முதல் ஐந்து நிமிடம் இருக்கும். நெஞ்சு படபடக்கும். வேர்த்துக் கொட்டி முடிந்ததும் சில்லென்று குளிர் எடுக்கும். ஏ.சி. அறையிலும் வரும், மார்கழி விடியற்காலையிலும் வரும். மூளையில் ஹைபோதலாமஸ் என்ற பகுதிதான் உடம்பின் சூட்டைச் சமன் செய்கிறது. ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் இறங்கும்போது அது பொறுத்துக்கொள்ளும் எல்லை குறுகிவிடுகிறது. முன்பு கண்டுகொள்ளாத ஒரு சின்ன ஏற்றத்துக்குக்கூட, உடம்பு பற்றி எரிகிற மாதிரி, ரத்தக் குழாயை விரித்து வியர்வையைத் திறந்துவிடுகிறது. கொதிக்கக் கொதிக்க ஒரு டம்ளர் காபி போதும் அந்த ஏற்றத்துக்கு. நம் ஊர்க் காற்றில் ஈரம் அதிகம் என்பதால் வியர்வை சீக்கிரம் உலராது. வறண்ட ஊரில் ஐந்து நிமிடத்தில் அடங்குவது இங்கே பிசுபிசுவென்று அரை மணி நேரம் இழுக்கும்.

அதனால் விசிறிக்காற்று நேராக உடம்பில் படும்படி படுப்பது, பருத்தி நைட்டி, தலைமாட்டில் மாற்று நைட்டியும் ஒரு துண்டும், காபியைக் கொஞ்சம் ஆற்றிக் குடிப்பது எல்லாம் சின்ன விஷயமில்லை. ராத்திரி ஈரத் துணியோடு எழுந்து, லைட் போட்டு, பீரோவைத் திறந்து தேடும் அந்தப் பத்து நிமிடம்தான் தூக்கத்தைக் கொல்கிறது.

இரவு வியர்வை எல்லாமே மெனோபாஸ் அல்ல. சாயங்காலக் காய்ச்சல், எடை குறைவு, இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் கூட இருந்தால் முதலில் டி.பி. சோதனை. சர்க்கரைக்குக் கிளிமிபிரைடு மாத்திரையோ இன்சுலினோ எடுக்கிறவர் வேர்த்து விழித்தால், அந்த நொடியே குளுக்கோமீட்டரில் பார்க்க வேண்டும். 70க்குக் கீழே இருந்தால் அது சர்க்கரை இறங்கியதால் வந்த வியர்வை. உடனே இனிப்பு சாப்பிட வேண்டும்.

அடுத்தது பரிசோதனை. பணம் அதிகம் வீணாகும் இடம் இது. 'ஹார்மோன் புரொஃபைல்' என்று எஃப்.எஸ்.எச். (சினைப்பையைத் தூண்டும் ஹார்மோன்), எல்.எச்., எஸ்ட்ரடயால் (ஈஸ்ட்ரோஜனில் ஒரு வகை), புரொஜெஸ்டிரான், ஏ.எம்.எச். எல்லாம் சேர்த்து ஒரு பேக்கேஜ் விற்கிறார்கள். 45 வயதுக்கு மேல், தேதி தப்புகிறது, சூடு ஏறுகிறது என்றால் இதில் ஒன்றும் தேவையில்லை. பெரிமெனோபாஸில் இந்த அளவுகள் வாரத்துக்கு வாரம் ஏறி இறங்கும். இன்று நார்மல் என்று வந்த தாளைக் காட்டி "உங்களுக்கு ஒண்ணுமில்லை" என்று சொல்லிவிடும் ஆபத்துதான் அதிகம். 40 முதல் 45க்குள் இருந்தால் எஃப்.எஸ்.எச். பார்ப்பதில் அர்த்தம் உண்டு; 40க்குக் கீழ் என்றால் கட்டாயம், நான்கு முதல் ஆறு வாரம் இடைவெளியில் இரண்டு முறை பார்ப்பது வழக்கம். கருத்தடை மாத்திரை எடுத்துக்கொண்டே பார்த்தால் அந்த எண்ணை நம்ப முடியாது.

உண்மையில் பார்க்க வேண்டியவை வேறு. ஹீமோகுளோபின், ஃபெரிட்டின் (இரும்புச் சத்து இருப்பு), டி.எஸ்.எச். (தைராய்டு சோதனை), மூன்று மாதச் சர்க்கரை, கொழுப்பு, ரத்த அழுத்தம். பிறகு ஒன்று: சிறுநீரில் கர்ப்பப் பரிசோதனை. சிரிக்காதீர்கள். 46 வயதில் இரண்டு மாதம் தள்ளிப்போனால் அதை மெனோபாஸ் என்று முடிவு கட்டிவிட்டு நான்காம் மாதத்தில் தெரிந்துகொள்வது அபூர்வமில்லை. 50க்கு முன் நின்றவர்கள் கடைசித் தேதியிலிருந்து இரண்டு ஆண்டும், 50க்குப் பின் நின்றவர்கள் ஓர் ஆண்டும் கருத்தடையைத் தொடர வேண்டும்.

முடி கொட்டுகிறது என்று பயோட்டின் மாத்திரை எடுப்பவர்கள் ரத்தம் கொடுப்பதற்கு இரண்டு நாள் முன்னாலாவது அதை நிறுத்துங்கள். பல லேப் கருவிகளில் பயோட்டின் புகுந்து, டி.எஸ்.எச்.சைக் குறைவாகவும் எஸ்ட்ரடயாலை அதிகமாகவும் காட்டிவிடும். இல்லாத தைராய்டு நோய்க்கு மாத்திரை ஆரம்பித்துவிடுவார்கள்.

ஸ்கேனுக்கு அனுப்பினால் எந்த வழி ஸ்கேன் என்று முதலில் கேளுங்கள். வயிற்றின் மேல் வைத்துப் பார்ப்பதற்குத் தண்ணீர் குடித்துச் சிறுநீரை அடக்கி வர வேண்டும். உள்வழியாகப் பார்ப்பதற்குக் கழித்துவிட்டு வர வேண்டும். இதைக் கேட்காமல் போய் இரண்டு மணி நேரம் வராந்தாவில் உட்கார்ந்திருப்பவர்கள் எல்லா ஸ்கேன் சென்டரிலும் உண்டு. உடலுறவு அனுபவம் இல்லாதவர்கள் அதை முன்கூட்டியே சொல்லிவிட்டால் வயிற்று வழியாகவே பார்ப்பார்கள். ரிப்போர்ட்டில் 'எண்டோமெட்ரியல் திக்னஸ் 9 மி.மீ.' (கர்ப்பப்பை உட்சுவரின் தடிமன்) என்று இருப்பதைக் கூகுளில் தேடி, 4 மி.மீ.க்கு மேல் போனால் புற்றுநோய் என்று படித்து, தூக்கம் கெட்டுப்போனவர்கள் நிறைய. அந்த 4 மி.மீ. எல்லை, மாதவிடாய் நின்று ஓராண்டுக்குப் பிறகு ரத்தம் பட்டவர்களுக்கு. இன்னும் மாதவிடாய் வந்துகொண்டிருப்பவருக்கு உட்சுவர் மாத நடுவில் தடிப்பதும் விலக்கானதும் மெலிவதும் இயல்பு. அதனால்தான் விலக்கு முடிந்த கையோடு ஸ்கேன் எடுப்பது நல்லது. எதிர்ப்பக்கமும் அவ்வளவே முக்கியம்: ஓராண்டு நின்ற பிறகு ஒரே ஒரு சொட்டு, இளஞ்சிவப்பாகவோ பழுப்பாகவோ பட்டாலும், "சூட்டினால் இருக்கும்" என்று மோர் குடித்துக் காத்திருக்கக் கூடாது. அந்த வாரமே போக வேண்டும்.

எங்கே போவது? எழும்பூர் அரசு மகப்பேறு மருத்துவமனை 1844இல் தொடங்கியது. திருவல்லிக்கேணி கஸ்தூரிபா காந்தி மருத்துவமனையை இன்றும் கோஷா ஆஸ்பத்திரி என்கிறோம். இரண்டுமே நம் மனதில் பிரசவ ஆஸ்பத்திரிகள். பேரன் பிறந்தபோது போன இடத்துக்குத் தனக்காகப் போகப் பல பாட்டிமார் கூச்சப்படுகிறார்கள். மகளிர் நோய்ப் பிரிவு ஓ.பி. அங்கேயே தனியாக இருக்கிறது. சீட்டு போடும் இடத்தில் "கர்ப்பமில்லை, கைனக் ஓ.பி." என்று சொன்னால் போதும். இல்லையென்றால் கர்ப்பிணிகள் வரிசையில் நின்று நேரம் போகும். ரத்த அழுத்தம், சர்க்கரை, கர்ப்பப்பை வாய் மற்றும் மார்பகப் புற்றுநோய் ஆரம்பப் பரிசோதனை ஆகியவற்றுக்கு அத்தனை தூரம் போக வேண்டியதில்லை, பக்கத்து நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே முடியும். 'மக்களைத் தேடி மருத்துவம்' ஊழியர் வீட்டுக்கு வந்து எடுத்த பிரஷர் அளவுகள் குறிப்பில் இருந்தால் அதையும் காலண்டரோடு எடுத்துப் போங்கள். ஹார்மோன் சிகிச்சை தொடங்கும் முன் கேட்கப்படும் முதல் எண் அதுதான். தைராய்டு, சர்க்கரை, 40க்கு முன் நின்றது என்று பல முடிச்சு விழுந்திருந்தால் சென்ட்ரல் எதிரே உள்ள ராஜீவ் காந்தி மருத்துவமனையில் உட்சுரப்பியல் பிரிவு உண்டு.

ஏற்கெனவே கர்ப்பப்பை எடுத்தவர்களுக்கு ஒரு வார்த்தை. பீரோவில் இருக்கும் பழைய டிஸ்சார்ஜ் சம்மரியை எடுத்துப் பாருங்கள். அறுவை சிகிச்சையின் பெயருக்குப் பக்கத்தில் 'பி.எஸ்.ஓ.' என்று இருந்தால் இரண்டு சினைப்பையும் சினைக்குழாயும் சேர்த்தே எடுத்துவிட்டார்கள் என்று பொருள். அன்றைக்கே மெனோபாஸ் வந்துவிட்டது, படிப்படியாக அல்ல, ஒரே இரவில். அந்த மூன்றெழுத்து இல்லையென்றால் பெரும்பாலும் சினைப்பை இருக்கிறது. ஆனாலும் சில ஆண்டு முன்னதாகவே ஓயலாம். மாதவிடாய் வராததால் காலண்டரில் வட்டம் இருக்காது, கோடுகளும் 'இ'யும்தான் சாட்சி. இந்த விவரம் எந்த மருந்து தருவது என்பதையே மாற்றிவிடும். 42 வயதில், கர்ப்பப்பையில் லேசான ஃபைப்ராய்டு கட்டிக்கு, "குழந்தை பெத்தாச்சு, எடுத்துடலாம்" என்று சொல்லப்படும் அறுவை சிகிச்சைக்குச் சம்மதிக்கும் முன் இரண்டு கேள்வி கேட்கலாம்: ஹார்மோன் உள்ள காப்பர்-டி மாதிரியான சாதனத்தை வைத்துப் பார்க்கலாமா? எடுத்தே ஆக வேண்டும் என்றால் சினைப்பையை விட்டுவைக்க முடியுமா? முன்னது 52 மி.கி. லெவோநார்ஜெஸ்ட்ரல் என்ற ஹார்மோன் உள்ள சாதனம். பல பெண்களுக்கு உதிரப்போக்கை வெகுவாகக் குறைத்துவிடும். ஃபைப்ராய்டு கட்டி, மாதவிடாய் நின்றபின் பெரும்பாலும் தானே சுருங்கும்.

இப்போது ஹார்மோன் சிகிச்சை, அதாவது எச்.ஆர்.டி. ஹாட் ஃப்ளாஷுக்கு இதைவிட நன்றாக வேலை செய்யும் மருந்து இன்றுவரை இல்லை. இதன்மேல் இருக்கும் பயத்துக்கு வேர், 2002 ஜூலையில் வெளியான அமெரிக்காவின் டபிள்யூ.எச்.ஐ. (விமன்ஸ் ஹெல்த் இனிஷியேட்டிவ்) ஆய்வு. அதில் பங்கேற்றவர்களின் சராசரி வயது 63. கொடுத்தது பழைய வகை மாத்திரைகள். கூடுதலாக வந்த மார்பகப் புற்றுநோய், ஆண்டுக்கு 10,000 பெண்களில் 8 பேருக்கு. செய்தியாக வந்தபோது வயதும் விழுந்துபோனது, எண்ணும் விழுந்துபோனது, 'புற்றுநோய்' மட்டும் நின்றது. 60 வயதுக்குள், மாதவிடாய் நின்று 10 ஆண்டுக்குள் தொடங்குகிறவர்களுக்கு, தடை எதுவும் இல்லையென்றால், நன்மைதான் அதிகம் என்பது இப்போதைய நிலை. 2025 நவம்பரில் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ.வும் இந்த மருந்துகளின் குறிப்பில் கட்டம் கட்டி அச்சிட்டிருந்த கடும் எச்சரிக்கையில் பெரும்பகுதியை நீக்குவதாக அறிவித்தது. தடை யாருக்கு? மார்பகப் புற்றுநோய் வந்தவர்கள், காலிலோ நுரையீரலிலோ ரத்தம் உறைந்தவர்கள், பக்கவாதமோ மாரடைப்போ கண்டவர்கள், கல்லீரல் நோய் தீவிரமாக உள்ளவர்கள், காரணம் தெரியாத ரத்தப்போக்கு உள்ளவர்கள். இதில் ஒன்று இருந்தாலும் முதல் வாக்கியத்திலேயே சொல்லிவிடுங்கள். தொடங்கும் முன் மேமோகிராம் (மார்பக எக்ஸ்ரே) எடுத்துவிடுவது நல்ல வழக்கம்.

மருந்து இரண்டு பாகம். சூட்டை அடக்குவது ஈஸ்ட்ரோஜன். கர்ப்பப்பை இருந்தால் அதன் உட்சுவர் தடித்துவிடாமல் காப்பது புரொஜெஸ்டிரான். கர்ப்பப்பை இல்லாதவருக்குப் பொதுவாக முதலாவது மட்டும். ஈஸ்ட்ரோஜன் மாத்திரையாகவும் வரும், ஜெல்லாகவும் வரும். பருமன், சர்க்கரை, பிரஷர், மைக்ரேன் இருப்பவர்களுக்கு ஜெல் நல்லது. தோல் வழியாகப் போவது முதலில் கல்லீரலுக்குள் போகாததால் ரத்த உறைவு ஆபத்தைக் கூட்டுவதில்லை. 0.06 சதவீத ஜெல்லில் ஒரு அழுத்து 1.25 கிராம், அதில் 0.75 மி.கி. எஸ்ட்ரடயால். ஒரு அழுத்தில் தொடங்கி இரண்டுக்குப் போவது வழக்கம்.

ஜெல்லைத் தடவுவதில்தான் இங்கே பிசகுகிறது. காலையில் குளித்து, தடவி, உடனே புடவை கட்டி, வேர்க்க விறுவிறுக்க மின்சார ரயிலைப் பிடித்தால் பாதி மருந்து ரவிக்கைக் கையில் ஒட்டிப்போகும். இரவுக் குளியலுக்குப் பின், உடம்பை ஒற்றி உலர்த்தி, ஃபேனடியில் நின்று, மேற்கையின் வெளிப்புறத்திலோ உள் தொடையிலோ அகலமாக மெல்லிய படலமாகத் தடவுங்கள். தேய்த்து மசாஜ் செய்ய வேண்டாம். ஐந்து நிமிடம் காயட்டும், ஒரு மணி நேரம் தண்ணீர் படக் கூடாது. மார்பில் தடவவே கூடாது. அந்த இடத்தில் கிரீமோ எண்ணெயோ வேண்டாம். கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டுத்தான் பேரக்குழந்தையைத் தூக்க வேண்டும்.

புரொஜெஸ்டிரான் இன்னும் மாதவிடாய் வருகிறவர்களுக்கு மாதத்தில் 12 நாள் 200 மி.கி.; நின்று ஓராண்டு ஆனவர்களுக்குத் தினமும் 100 மி.கி. முன்னதில் மாதா மாதம் விலக்கு வரும், பின்னதில் வராது. இரண்டையும் படுக்கும் முன் போட வேண்டும். மயக்கம் போல் வருகிறது என்று பலர் இதை மட்டும் நிறுத்திவிட்டு ஜெல்லைத் தொடர்கிறார்கள். இந்தச் சிகிச்சையில் மிக மோசமான தவறு அதுதான்; உட்சுவர் தடித்து, புற்றுநோய் வரை போகலாம். மயக்கம் வருவது காலையிலோ மதியமோ போடுவதால். இரவு போட்டால் அதே மயக்கம் தூக்கமாகிறது. சில தயாரிப்புகளில் கடலை எண்ணெய் உண்டு, கடலை ஒவ்வாமை இருப்பவர்கள் அட்டையைப் படியுங்கள். முதல் மூன்று முதல் ஆறு மாதம் ஒழுங்கில்லாமல் ரத்தம் படலாம். அதற்குப் பிறகும் படுமானால் ஸ்கேன் வேண்டும். எச்.ஆர்.டி. கருத்தடை அல்ல என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கோயில், கல்யாணம் என்று விலக்கைத் தள்ளிப்போட மெடிக்கல் ஷாப்பில் சீட்டில்லாமல் வாங்கும் நோரெதிஸ்டிரான் மாத்திரை வேறு விஷயம். அது எச்.ஆர்.டி. அல்ல, ரத்த உறைவு ஆபத்தும் அதற்கு உண்டு. பெரிமெனோபாஸில் அதைப் போட்டால் மூன்று மாதக் காலண்டரும் பாழ். போட்டிருந்தால் அந்த நாட்களையும் குறித்துவிடுங்கள்.

யாரும் வாய் திறந்து கேட்காத தொந்தரவு, அந்தரங்க வறட்சி. அடிக்கடி சிறுநீர்த் தொற்று, அவசரமாகப் போக வேண்டிய உணர்வு, எரிச்சல், உறவில் வலி எல்லாம் இதன் முகங்கள். ஆன்டிபயாடிக் மேல் ஆன்டிபயாடிக் கொடுப்பார்கள், சிறுநீரில் கிருமி பார்க்கும் கல்ச்சர் சோதனையில் கிருமியே இருக்காது. ஹாட் ஃப்ளாஷ் ஆண்டுகள் போனால் அடங்கும், இது கவனிக்காவிட்டால் கூடிக்கொண்டேதான் போகும். மருந்தோ எளிது: எஸ்ட்ரியால் கிரீம், அரை கிராம், இரண்டு மூன்று வாரம் தினமும் இரவு, பிறகு வாரம் இரண்டு முறை, தொடர்ந்து. ரத்தத்தில் கலப்பது மிகக் குறைவு என்பதால் கூட புரொஜெஸ்டிரான் தேவையில்லை. மார்பகப் புற்றுநோய் வந்தவர்கள் மட்டும் புற்றுநோய் மருத்துவரைக் கேட்டு. நடப்பது என்னவென்றால், டியூபுக்குள் மடித்து வைத்த தாளில் 'புற்றுநோய், பக்கவாதம்' என்று படித்துவிட்டுக் குப்பையில் போடுகிறார்கள். அல்லது இரண்டு வாரத்தில் சரியானதும் நிறுத்திவிட்டு, இரண்டு மாதத்தில் எரிச்சல் திரும்பியதும் "மருந்து கேட்கவில்லை" என்கிறார்கள். டாக்டரிடம் எப்படிச் சொல்வது என்று தயங்கினால் "யூரின் போற இடத்துல வறட்சி, எரிச்சல் டாக்டர், கல்ச்சர் நார்மல்" என்ற ஒரு வாக்கியம் போதும். மீதியை அவர் கேட்டுக்கொள்வார்.

ஹார்மோன் எடுக்க முடியாதவர்களுக்கும் வழி உண்டு. வென்லாஃபாக்ஸின் 37.5 மி.கி.யில் தொடங்கி 75 வரை. இரவுத் தொந்தரவு மட்டும் என்றால் கபாபென்டின் 300 மி.கி. படுக்கும் முன். மனநல மருந்து எழுதிவிட்டார் என்று கோபப்பட வேண்டாம், சூட்டுக்கும் அது வேலை செய்கிறது. திடீரென்று நிறுத்தக் கூடாது, படிப்படியாகக் குறைக்க வேண்டும். மார்பகப் புற்றுநோய்க்குத் தமோக்சிஃபென் எடுப்பவர்களுக்கு பராக்ஸெட்டின், ஃபுளூவாக்ஸெட்டின் என்ற மனநல மருந்துகள் ஆகாது, தமோக்சிஃபெனின் வேலையைக் கெடுக்கும்.

மாத்திரை நேரங்களை சமையலறையில்தான் கெடுக்கிறோம். காலை ஐந்தரைக்குத் தைராய்டு மாத்திரை, ஐந்தே முக்காலுக்கு டிகாஷன் காபி, ஏழரைக்கு இட்லியோடு கால்சியமும் இரும்புச் சத்தும் ஒன்றாக. மூன்று மாதம் கழித்து டி.எஸ்.எச். ஏறியிருக்கிறது, டோஸைக் கூட்டுகிறார்கள். தப்பு டோஸில் இல்லை. தைராய்டு மாத்திரை வெறும் வயிற்றில், வெறும் தண்ணீரில். காபிக்கு முன் அரை மணி முதல் ஒரு மணி நேரம். கால்சியமும் இரும்பும் அதிலிருந்து நான்கு மணி நேரம் தள்ளி, ஒன்றோடொன்று சேராமல். கால்சியம் கார்பனேட் சாப்பாட்டோடுதான் சேரும், ஒரு வேளைக்கு 500 மி.கி.க்கு மேல் உடம்பு அதிகம் எடுத்துக்கொள்ளாது. ஆக மதியச் சாப்பாட்டுக்குப் பின் ஒன்று, தேவையானால் இரவு ஒன்று. இரும்பு பதினோரு மணிக்கு, எலுமிச்சைச் சாறோடு. ஈஸ்ட்ரோஜன் மாத்திரை புதிதாகத் தொடங்கினால் தைராய்டு மாத்திரையின் தேவை கூடும். ஆறு முதல் பன்னிரண்டு வாரத்தில் டி.எஸ்.எச். மறுபடி பார்க்கச் சொல்லுங்கள். ஜெல்லுக்கு இந்தச் சிக்கல் இல்லை.

மாதவிடாய் நின்றவருக்கு ஐ.சி.எம்.ஆர். (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) சொல்லும் கால்சியம் நாளுக்கு 1,200 மி.கி. ஒரு டம்ளர் பாலோ தயிரோ சுமார் 240. ஒரு கைப்பிடி கேழ்வரகு மாவில் கூழ் காய்ச்சினால் நூறு சொச்சம். முருங்கைக்கீரை, எள்ளுருண்டை, முள்ளோடு தின்னும் நெத்திலி எல்லாம் சேர்த்தால் மாத்திரை பாதியாகக் குறையும். வைட்டமின் டி 60,000 யூனிட் என்பது வாரம் ஒன்று, எட்டு வாரம், அவ்வளவுதான். நிறுத்தாமல் ஆண்டுக்கணக்கில் விழுங்குகிறவர்களுக்குக் கால்சியம் ஏறி வாந்தி, மலச்சிக்கல், சிறுநீரகக் கல் வரலாம். தினமும் விழுங்கினால் இன்னும் சீக்கிரம். அடுக்ககத்தில் முகாம் போட்டுக் குதிகாலை ஒரு கருவியில் வைத்துப் பார்க்கும் இலவச 'எலும்பு அடர்த்தி' சோதனையை வைத்து எலும்புப் புரை என்று முடிவு கட்டாதீர்கள். கண்டறிவது இடுப்பிலும் முதுகிலும் எடுக்கும் டெக்ஸா ஸ்கேன்தான், அதில் டி ஸ்கோர் என்ற எண் மைனஸ் 2.5 அல்லது அதற்குக் கீழே இருந்தால் எலும்புப் புரை.

'ஹார்மோன் பேலன்ஸ்' பொடிகள் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. டப்பாவின் பின்னால் சேர்ந்துள்ள பொருள்களின் பெயரும் அளவும் இல்லையென்றால் வாங்காதீர்கள். பிளாக் கோஹோஷ் என்ற மூலிகை இருந்தால், அபூர்வமாகக் கல்லீரல் பாதிப்பு பதிவாகியிருக்கிறது. சோயா சிலருக்குக் கொஞ்சம் உதவும், உணவாகச் சாப்பிட்டால் கெடுதலில்லை.

எரிச்சல், காரணமில்லாத அழுகை, பேச வந்த சொல் நாக்கு நுனியில் நின்றுபோவது எல்லாம் இதோடு வரும். மறதி நோய் என்று பயப்பட வேண்டாம். ஆனால் இரண்டு வாரம் தொடர்ந்து எதிலும் பிடிப்பில்லை, வாழவே வேண்டாம் என்று தோன்றுகிறது என்றால் அதை ஹார்மோன் கணக்கில் எழுதிவிடாதீர்கள். அரசின் மனநல உதவி எண் டெலி மானஸ் 14416, எந்த நேரமும், தமிழிலேயே பேசலாம்.

மருந்து எதுவானாலும் மறு பார்வை மூன்று மாதத்தில். அதே காலண்டரின் அடுத்த மூன்று தாள், கோடுகள் குறைந்திருக்கிறதா என்று பார்த்தாலே பேச்சு முடிந்துவிடும். போகும்போது மாத்திரை அட்டையையும் எடுத்துப் போங்கள். நம் மெடிக்கல் ஷாப்பில் பத்து மாத்திரை கேட்டால் அட்டையை வெட்டித்தான் தருவார்கள், பெயரும் காலாவதித் தேதியும் உள்ள முனை கடையிலேயே தங்கிவிடும். பெயர் உள்ள பக்கமாக வெட்டித் தரச் சொல்லுங்கள். வீட்டிலும் எதிர் முனையிலிருந்தே பிரித்துப் போடுங்கள், கடைசி மாத்திரை வரை அந்தப் பெயர் இருக்கட்டும்.